மாவடிக்குளத்து நண்டுப் பொத்துகள்

குளக்கரையில் நண்டு பொத்துப் போடும். அதை அடைப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. முப்பத்தோரு வருஷம் பாசனப் பிரிவில் இருந்தவன் எழுத உட்கார்ந்தால் அணையைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் எழுதுவான் என்று எதிர்பார்ப்பார்கள். அதையெல்லாம் எழுத ஆளுண்டு. நான் நண்டுப் பொத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சபாபதி சார் பெயரில் ஒரு கறை இருக்கிறது. அது எப்படி வந்தது என்று தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

லஸ்கராகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். சானலில் ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, மடையைக் கள்ளத்தனமாகத் திறந்தவனைக் கேட்கப் போய் அவனிடமே ஏச்சு வாங்குவது என்று எட்டு வருஷம் போனது. பிறகு ஒர்க் இன்ஸ்பெக்டர் ஆனேன். பூதப்பாண்டிக்குத் தெற்கே மாவடிக்குளத்தையும் இன்னும் ஐந்து குளங்களையும் என் பொறுப்பில் விட்டார்கள். அதே மாதம்தான் உதவிப் பொறியாளராகச் சபாபதி சார் வந்து சேர்ந்தார்.

அவர் திருச்சிப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். சத்தம் போடத் தெரியாது. கரையில் ஏறியதும் செருப்பைக் கழற்றி இடது கையில் பிடித்துக்கொள்வார், வலது கையில் குடை. கரை முழுவதும் வெறுங்காலில்தான் நடை. ஈரம் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்னால் காலுக்குத் தெரியும் என்பார். முதல் நாள் அவர் பின்னால் சிரித்துக்கொண்டே நடந்தேன். ஆறு மாதத்தில் நானும் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அவரிடம் இன்னொரு தொல்லை உண்டு. உபரித் தண்ணீர் வழியும் மறுகால் பக்கம் கரை இறங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள் என்று ஒருநாள் போய்ச் சொன்னேன். யார் பார்த்தது என்று கேட்டார். ஊர்க்காரர்கள் என்றேன். "நீ பார்த்தியா?" என்றார். உச்சி வெயிலில் இரண்டு மைல் திரும்ப நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எரிச்சலில் வாயில் வந்ததையெல்லாம் வழியெங்கும் முணுமுணுத்தேன். போய்ப் பார்த்தால் கரை இறங்கவில்லை, மேலே கிடந்த மண்ணை யாரோ வீட்டு வேலைக்கு வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

நண்டுப் பொத்துக்கு அவர் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். ஸ்கேல் வைத்து அவரே கோடு போட்டது. பொத்தின் எண், மதகிலிருந்து எத்தனை அடி, நீர்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம், சரிவு எந்தப் பக்கம், எதைக் கொண்டு அடைத்தது என்று பத்திகள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் 'உள்ளே இருந்தது' என்று ஒரு பத்தி. துறை கொடுத்த எந்தப் படிவத்திலும் அப்படி ஒன்று கிடையாது.

வேலை இப்படி நடக்கும். வாயைச் சுற்றி உருண்டை உருண்டையாக மண் கிடந்தால் அது நண்டு போட்ட பொத்து. எலி போட்டதென்றால் மண் பொடியாகச் சிதறிக் கிடக்கும். நண்டு கீழ்நோக்கிச் சரிவாகத் தோண்டி, தண்ணீர் ஊறும் இடத்தில் நின்றுவிடும். எலிக்கு நிறுத்தவே தெரியாது, கிளை பிரித்துக் கரையின் மறுபக்கம் வரை போய்விடும். நண்டுப் பொத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். வெளியே வந்ததை எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பு கலந்து மிதித்த களிமண்ணைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு உலக்கையால் இடிக்க வேண்டும்.

எல்லாப் பொத்தையும் அடைக்கவும் விடமாட்டார். மதகுக்கு இருபுறமும் முப்பது அடிக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மற்ற இடத்தில் கரைக்குக் குறுக்காகப் போவதை மட்டும் அடைக்கலாம். அதுவும் தை மாதத்திலோ மாசியிலோ, குளத்தின் அடியில் தண்ணீர் கிடக்கும்போதே முடித்துவிட வேண்டும். விரட்டப்பட்டது போய்ச் சேர ஓர் இடம் வேண்டாமா என்பார்.

தண்ணீர் ஊற்றுவதும் மண் மிதிப்பதும் செல்லத்தங்கத்தின் ஆட்கள். அவள் திங்கள்சந்தைப் பக்கத்துப் பெண்பிள்ளை, ஐம்பதை ஒட்டிய வயது, வாய்க்குப் பூட்டே கிடையாது. சபாபதி சார் அவளுக்கு வலிய சாரு, நான் கொச்சு சாரு, அதாவது சின்ன சார். நான் லஸ்கராக இருந்த காலத்திலிருந்தே என்னைத் தெரியும். இன்ஸ்பெக்டர் ஆனதும் புதிதாக ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போனேன். நண்டு கொழுத்தா பொத்துல இருக்காதுல்லா என்று என் காதில் விழும்படி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

பொத்துக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று அந்த வேலையில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பொத்தில் முதலில் நண்டு வந்தது. பின்னால் இரண்டு தவளை. அப்புறம் ஓர் ஆரல் மீன் நெளிந்துகொண்டு வந்தது. நான் நோட்டை மூடப் போகும்போது ஒரு தண்ணீர்ப்பாம்பு, எங்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் குளத்துக்குள் இறங்கியது. வேறு பொத்துகளில் தேளி மீன், விரால் குஞ்சு, நத்தை, கறுப்பு வண்டு. ஒன்றில் உள்ளங்கையளவு ஆமை.

"ஒரு நண்டு வெட்டுன வீட்டுல எத்தன பேரு வாடக குடுக்காம குடியிருக்கான், பாத்தியளா கொச்சு சாரே" என்றாள் செல்லத்தங்கம்.

சபாபதி சார் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது நாலைந்து தடவைதான் இருக்கும். வெயிலில் இறுகின களிமண்ணைத் தவளையால் தோண்ட முடியாது, மீனால் நிச்சயமாக முடியாது, நண்டால் மட்டும்தான் முடியும் என்றார். நண்டு தோண்டாவிட்டால் மற்றவற்றுக்குக் கோடையைத் தாண்ட வழியில்லை. கரையை ஓட்டை போடுகிறவன் என்று நாம் கணக்கில் வைத்திருக்கும் பிராணிதான் குளத்துக்குள் பாதி உயிரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றும், அதற்காக மதகுக்குப் பக்கத்தில் அதை மன்னிக்க முடியாது என்றும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு அது அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

நாலாவது வருஷம். அடைப்பு வேலைக்கான உத்தரவு மேலிடத்திலிருந்து மாசி மாதம்தான் வந்தது. ஆட்கள் எல்லாரும் மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது பங்குனி பிறந்து, கும்பப்பூ நெல் அறுவடையும் முடிந்து, குளம் வெடித்துக் கிடந்தது. சபாபதி சார் மனைவியின் கண் ஆபரேஷனுக்காக மதுரையில் இருந்தார். மார்ச் கடைசிக்குள் வேலையை முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போகும். அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மேலிடத்திலிருந்து எனக்கு நேராகவே போன் வந்தது. மதகுப் பக்கம், நடுக்கரை என்று பார்க்காமல் எல்லாப் பொத்தையும் அடைத்துவிடு என்றார்கள். சாரிடம் போனில் சொன்னேன். "நோட்டு உன்கிட்ட இருக்கு. அடியில என் கையெழுத்து வரும். பார்த்து எழுது" என்றார்.

நான் பார்க்கவில்லை. பொத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் என்றால் அரை மைல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து சுமக்க வேண்டும். பொத்துக்குப் பத்து நிமிஷம் காத்திருந்தால் சித்திரையிலும் வேலை முடியாது. தண்ணீர் வேண்டாம், நேரே அடையுங்கள் என்றேன். செல்லத்தங்கம் ஒரு பொத்தின் வாயில் காதை வைத்தாள். கோடைக்கு நண்டு உள்ளே இருந்து மூடின மண் அப்படியே இருந்தது.

"உள்ள அனக்கம் உண்டு சாரே" என்றாள்.

நானும் குனிந்தேன். ஏதோ அசைகிற சத்தம் மெல்லியதாகக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை என்று இன்றைக்கு எழுதிவிடலாம், மறுக்க ஆள் கிடையாது. ஆனால் கேட்டது.

"அடை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். களிமண்ணை எடுத்துப் போட்டு இடித்தாள். ஒன்பது நாளில் கரை முழுவதும் முடிந்தது. கடைசி நாள் வீட்டில் உட்கார்ந்து நோட்டை நிரப்பினேன். 'உள்ளே இருந்தது' என்ற பத்தியில் மேலிருந்து கீழ் வரைக்கும் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. சார் மதுரையிலிருந்து வந்து, பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் கழித்துக் கரையில் லேசாக நாற்றம் இருந்தது. அதுவும் போய்விட்டது.

அணை திறந்து ஆனி மாதம் குளம் நிறைந்தது. கரையில் ஒரு பொட்டு ஈரமில்லை. மேலிடத்திலிருந்து வந்து பார்த்தவர் என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

கரைக்கு நேர் கீழே சிவதாணு அண்ணாச்சியின் வயல். வாழ்நாள் முழுவதும் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். மழை பெய்த மறுநாள் காலையில் என்னை நிறுத்தி, "தவளச் சத்தம் ஒண்ணு கேக்கல்லியே வே. குளம் ஊமையாட்டுல்லா கெடக்கு. என்ன செஞ்சீரு?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, கரையைத்தான் பலப்படுத்தினோம் என்றேன். கொக்கும் இறங்கவில்லை என்றார். அவர் சொன்ன பிறகு நானும் பார்த்தேன். கரையோரத் தண்ணீரில் குஞ்சு மீன் நிழல்கூட இல்லை. கொசுப்புழுதான் நெளிந்துகொண்டிருந்தது. ஆவணியில் வயலில் எலி வெட்டு அதிகம் என்று ஊரெல்லாம் பேச்சு. அதை நான் கரையோடு சேர்த்து யோசிக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு அண்ணாச்சி ஆளனுப்பினார். கரையின் வெளிப்பக்கம், அவர் வயலை ஒட்டி, தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. இது கலங்கலாக வந்தது. கலங்கல் என்றால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். சார் வந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார். வெளியே அடைக்கக் கூடாது, அடைத்தால் வேறு பக்கம் பிளந்துவிடும். வெளியே மணல்மூட்டையை வட்டமாகக் கட்டி, நடுவில் மணலும் ஜல்லியும் போட்டு மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விட வேண்டும். அடைப்பது உட்பக்கம்தான். உட்பக்க வாய் எங்கே என்று தெரிய வேண்டுமே! சார் அண்ணாச்சி வீட்டிலிருந்து ஒரு பெட்டி உமி கொண்டுவரச் சொல்லி, கரையோரத் தண்ணீரில் தூவிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் உமி சுழன்று உள்ளே போனது. அங்கே இரண்டு பேர் முங்கி, களிமண் நிரப்பின சாக்கைத் திணித்தார்கள். மதியத்துக்குள் நின்றது. கரை பிழைத்தது. அண்ணாச்சியின் வயலில் கால்வாசி மணல் மூடிப்போனது.

விசாரணை வந்தது. மறு பங்குனியில் குளம் வற்றியதும் விசாரணை அதிகாரி முன்னால் கரையை வெட்டிப் பார்த்தோம். தண்ணீர் போன வழி பெருச்சாளி வளை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே ஓட்டம், நடுவில் நெல் சேர்த்து வைத்திருந்தது. அதன் இருபக்கமும் நாங்கள் அடைத்த நண்டுப் பொத்துகள் செங்கல் மாதிரி இறுகி இருந்தன. ஒன்றுகூட அந்த வளையோடு சேரவில்லை. வெட்டியதில் அவையும் பிளந்துகொண்டன. ஒவ்வொன்றின் அடியிலும் எலும்பு. மீன் முள், தவளைக் கால் எலும்பு, ஊசி ஊசியாகப் பாம்பின் விலா. ஒன்றில் ஆமை ஓடு.

சார் குனிந்து ஆமை ஓட்டை எடுத்தார். மண்ணைத் துடைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். விசாரணை அதிகாரி அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவருக்கு எல்லாப் பொத்தும் ஒன்றுதான். பொத்துகளால் கரை பலவீனப்பட்டிருக்கிறது, உதவிப் பொறியாளர் கண்காணிக்கத் தவறிவிட்டார் என்று எழுதி, மெமோ கொடுத்துவிட்டுப் போனார். சார் ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். தண்ணீர் ஊற்றவில்லை, காத்திருக்கவில்லை, சத்தம் கேட்டும் அடைக்கச் சொன்னேன், நோட்டில் எழுதியது அத்தனையும் பொய் என்றேன். பாம்பைக் கொன்றதால்தான் எலி பெருகியது, எலியால்தான் கரை போனது என்றும் சொன்னேன்.

"பாம்பு செத்ததைப் பார்த்தோம். எலி வந்ததைப் பார்த்தோம். நடுவுல உள்ளது நம்ம ஊகம். சரியாத்தான் இருக்கும், ஆனா ஊகம்" என்றார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நோட்டு பொய்யின்னு கையெழுத்துப் போடும்போதே தெரியும். பங்குனி மாசத்துல நண்டுகூட இல்லாத நண்டுப் பொத்து அத்தனை எங்கிருந்து வரும்? மாசக் கடைசி. போட்டுட்டேன்."

நான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் சார் என்றேன். எழுதினால் என் வேலை போகும் என்றார். எழுதுவதும் எழுதாததும் என் பாடு, அவர் கேட்க மாட்டார் என்றும் சொன்னார். மெமோவுக்கு அவர் எழுதின பதில் இரண்டே வரி. கரையைப் போய்ப் பார்க்காமல் கையெழுத்திட்டேன், தவறு என்னுடையது.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. என் இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று காரணம் சொல்லலாம். உண்மையில் பயம். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன். அவர் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. வழியனுப்பு விழாவில் மேடையில் பேசியவர்கள் யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை, நல்ல மனுஷன் என்று மட்டும் சொன்னார்கள். நான் மாலை போட்டேன். என் கையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதற்குப் பிறகு இருந்த சர்வீஸ் முழுவதும் நோட்டை ஒழுங்காக எழுதினேன். மதகுக்கு முப்பது அடி, குடம், பத்து நிமிஷம், எதையும் விடவில்லை. மாவடிக்குளத்தில் நண்டுதான் முதலில் திரும்ப வந்தது, வயலிலிருந்து சானல் வழியாக. முதல் கோடையில் புதுப் பொத்துகளில் நண்டைத் தவிர ஒன்றுமில்லை. மறு கோடையில் தவளை. அடுத்ததில் தேளி, ஆரல். பாம்பு வர நாலு வருஷமானது. திருச்சிக்கு ஒருதடவை போயிருந்தபோது சாரிடம் இந்த வரிசையைச் சொன்னேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதிக்கொண்டார். ஆமை வந்ததா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். கண்டனத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்தேன். நாலு வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர் ஷைனி வீட்டுக்கு வந்தார். மாவடிக்குளத்துக் கரையின் உட்பக்கம் முழுவதும் கான்கிரீட் போடப் போகிறார்களாம். பழைய ஆட்களிடம் குளத்தின் வரலாறு கேட்டு எழுத வேண்டுமாம். கையில் திட்ட அறிக்கையின் நகல் இருந்தது. வாங்கிப் படித்தேன். கான்கிரீட்டுக்கு முதல் காரணமாக எழுதியிருந்தது இதுதான்: நண்டுப் பொத்துகளால் இக்கரை முன்பே உடையும் நிலைக்கு வந்தது, அப்போதைய உதவிப் பொறியாளர் கவனக்குறைவுக்காகக் கண்டிக்கப்பட்டார். பெயரும் இருந்தது.

நான் எழுதாமல் விட்டது இருபது வருஷம் ஃபைலுக்குள் உயிரோடு இருந்து, அவர் காப்பாற்ற நினைத்ததையே மூட வந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறிக்கையை மடியில் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது.

அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கரையைத் துளைத்தது பெருச்சாளி, நண்டு அல்ல. பொத்துகளை உயிரோடு அடைத்தவன் நான். நோட்டில் பொய் எழுதியவன் நான். பென்ஷன் வாங்கும் கிழவனை இனி யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது. இழக்க ஒன்றும் இல்லாதபோது வருவதற்குத் தைரியம் என்று பேர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன்.

ஷைனி இரண்டு தடவை படித்தார்.

"இத வச்சாலும் கான்கிரீட்டு வரத்தான் செய்யும் சார்" என்றார் தயங்கி. "மேல முடிவு பண்ணியாச்சு."

"போடணும்னா போடுங்க மேடம்" என்றேன். "சபாபதி சார் பேரச் சொல்லிப் போடாதீங்க."